கொடி போட்ட கோடுகள்

அம்மாவின் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் அது இருந்தது. பாட்டுக் கேசட்டில் பாதி அளவுகூட இல்லாத ஒரு சின்ன டேப். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள்; துணியின் மடிப்பில் விபூதி உதிர்ந்து கிடந்தது. கல்கத்தா லேக் மார்க்கெட் வீட்டைக் காலி செய்வதற்காக வந்திருந்தேன். காலையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, வேண்டும், வேண்டாம் என்று ஈவிரக்கமில்லாமல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள், அதைக் கண்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த டேப்பில் பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு எங்கிருந்தோ கிளம்பிய ரேடியோ அலைகள் வெறும் எண்களாக மாறி அதற்குள் கிடக்கின்றன. அந்த எண்களுக்கு நடுவில் என் அண்ணனும் இருக்கிறான்.

எங்கள் அப்பா துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்து, இங்கேயே போய்ச் சேர்ந்தார். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் மிஞ்சினோம். அண்ணன் ஜாதவ்பூரில் இயற்பியல் படித்தான். படிப்பு முடிந்தும் அந்தப் பக்கத்தை விட்டு நகராமல் ஆராய்ச்சி என்று உட்கார்ந்துகொண்டான். கூடவே ஆராய்ச்சி செய்த ஒரு வங்காளிப் பெண்ணைத் தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வந்து, இவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றான். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அவளுக்குப் புளி சேருமான்னு கேளு" என்றாள். அதுதான் சம்மதம். அண்ணன் மனைவியை எங்கள் ஊரில் மதினி என்போம். மதினிக்குத் தமிழ் முழுக்க அம்மாவின் அடுப்படியில் நின்று வந்தது. அதனால் கல்கத்தாவிலேயே திருநெல்வேலித் தமிழ் பேசுகிற ஒரே வங்காளி அவளாகத்தான் இருப்பாள். "நா பாத்துக்கிடுதேன் மா" என்று அவள் வங்காள உதட்டைக் குவித்துச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அவர்கள் இரண்டு பேரும் என்ன வேலை செய்கிறார்கள் என்பது எங்கள் வீட்டில் தீராத சந்தேகமாக இருந்தது. நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க். எனக்கு நட்சத்திரம் என்றால் ஜாதகத்தில் வருவதுதான். ரேடியோ தொலைநோக்கி என்றதும், காதில் எதையோ மாட்டிக்கொண்டு வானத்திலிருந்து வரும் சத்தத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். யாரும் எதையும் கேட்பதில்லை. ஒளியைப் போலவே ரேடியோ அலையும் வானத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது, அதைப் பிடிப்பதற்குப் பெரிய தட்டு, அவ்வளவுதான் என்றாள். தட்டுகள் நிற்கிற படத்தை அண்ணன் காட்டியபோது அம்மா முதலில் கேட்டது, "வெறும் கம்பி வலையா இருக்கே, எல்லாம் ஒழுகிறாதா?" என்பது. அவர்கள் பிடிக்கிற அலை அந்த வலையின் ஓட்டையை விட நீளமானது. மதினி அடுப்படியிலிருந்து ரவை சலிக்கிற சல்லடையையும் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையையும் எடுத்து வந்து காட்டினாள். கடலை சல்லடையில் தங்கியது. அதற்குப் பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

புனேயைத் தாண்டி, வயல்களுக்கும் மேடுகளுக்கும் நடுவே, அப்படிப்பட்ட தட்டுகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்றை விட்டு ஒன்று மைல் கணக்கில் விலகி நின்றாலும் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். ஒவ்வொரு தட்டும் பிடித்த அலை, கேபிள் வழியாக ஒரு கட்டடத்துக்கு வரும். அங்கே இந்தத் தட்டு பிடித்ததையும் அந்தத் தட்டு பிடித்ததையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கிப் பார்ப்பார்கள். எந்த ஜோடியையும் விடமாட்டார்கள். பூமி சுற்றச் சுற்ற அந்த ஜோடிகள் வானத்தை வேறு வேறு கோணத்தில் பார்க்கும். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த எண்களிலிருந்து, மைல் கணக்கில் அகலமான ஒரே தட்டு பார்த்திருந்தால் கிடைத்திருக்கும் படத்தை வரைந்துவிடலாம். அண்ணன் தேடியது, கேலக்ஸிகள் கூட்டமாய் இருக்கும் ஓர் இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ரேடியோப் புகை இருக்கிறதா என்பதை. அது அத்தனை சன்னமானது. அதற்கு முன்னால் ஒரு மொபைல் போன் கல்யாண வீட்டு லவுட்ஸ்பீக்கர். போன் எந்த அலைவரிசையில் பேசினாலும், பக்கத்துத் தட்டில் இருக்கிற கருவி அந்த இரைச்சலில் திணறிப்போகும். அதனால் அங்கே போகிறவர்கள் போனை அணைத்துவிட வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ அண்ணனுக்கு அந்தத் தட்டுகள் கிடைக்கும். அவன் பார்க்கிற இடம் கிழக்கே எழும்பி மேற்கே இறங்குகிற வரை உட்கார்ந்திருப்பான். அடிவானத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தரையின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கடைசிப் பகுதியில் வருகிற எண்களை எப்படியும் தள்ளிவிடுவார்கள். தட்டுகள் மட்டும் கடமைக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அண்ணன் எழுந்து வந்து, வெளிக்கதவுக்கு அப்பால் இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து மதினிக்குப் போன் செய்வான். எங்கள் வீட்டுக்கு ஒரே போன், கூடத்து மூலையில், ஸ்டூலின் மேல். அவன் ஊரில் இல்லாத நாளில் அந்த நேரம் நெருங்கும்போது மதினி தலை வாரிக்கொண்டு வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். போனில் பேசுவதற்கு எதற்குத் தலை வாரல் என்று நான் கிண்டல் செய்வேன். "அந்தக் கடைசி நேரம் எல்லாருக்கும் குப்ப. அது மட்டும் எங்க நேரம்" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் அவன் கடைசியாகப் போனான். கிளம்பும் முன் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா அந்தப் பேச்சை எடுத்தாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது, வீட்டில் குழந்தை இல்லை. "வானத்தப் பாத்தது போதும்யா. வீட்டுல ஒரு தொட்டிலக் கட்டுங்க" என்றாள். அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மதினி அடுப்படியில்தான் இருந்தாள். தட்டில் விட்ட சோற்றை எடுக்க வந்தவளின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அம்மா கெட்டவள் இல்லை. மனதில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து வருத்தப்படுகிற ரகம்.

அந்தத் தடவை அண்ணன் புதிதாக மொபைல் போன் வாங்கிக்கொண்டு போயிருந்தான். இரண்டு நாள் கழித்து, கல்கத்தாவில் விடாமல் மழை. லேக் மார்க்கெட் பக்கம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா விளக்கு வைத்துவிட்டு, மனது கேட்காமல், அவனுடைய புது நம்பருக்கு அடித்தாள். இங்கே இருட்டிவிட்டது, மேற்கே அங்கே இன்னும் வெளிச்சம் இருந்திருக்கும். ஒரு தட்டு சுழலாமல் நின்றுவிட்டதென்று ஆட்களோடு அதைப் பார்க்கப் போயிருந்தானாம். தூரத்தில் மேட்டின் மேல் நிற்கிற தட்டு அது. அந்தப் பக்கத்திலேயே மொபைல் சிக்னல் கிடைக்கிற இடமும் அது ஒன்றுதான். போனை அணைக்க மறந்திருக்கிறான். "ஐயா, சாப்ட்டியா?" என்று அம்மா கேட்டது எனக்குக் கேட்டது. மறுமுனையில் என்ன சொன்னான் என்பதை அம்மாதான் பிறகு சொன்னாள். "இப்பம் பேசாதம்மா, போன வை." அவ்வளவுதான். அம்மா கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அடிக்கப் பார்த்தாள். போனில் உயிர் இல்லை. தண்ணீர் ஏறினால் எங்கள் தெருவில் போன் செத்துப்போவது வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

மதினி நனைந்துபோய் வீட்டுக்கு வந்தாள். ஈரத் தலையைத் துவட்டி, வாரிக்கொண்டு, செத்த போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிக்கடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். "மழ விட்டாத்தான் சரியாவும், வந்து சாப்டும்மா" என்று அம்மா கூப்பிட்டாள். வாரேன் மா என்று சொல்லிவிட்டு நகராமல் இருந்தாள். மறுநாள் அண்ணன் ஏறி வந்த ஜீப் மழை ஈரத்தில் சாலையிலிருந்து சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. போன் இல்லாததால் சேதி ஆளாகத்தான் வந்தது. கூட வேலை பார்க்கிற ஒருவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து, படியேறி, மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து, சுருட்டிய பேன்ட்டை இறக்கிவிட ஆரம்பித்தார். அந்த மொபைல் போன் நசுங்கிப்போய்விட்டது. அதைத் திருப்பி வாங்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் வாயில் ஒரே வார்த்தைதான். "வைன்னுட்டான்." காய் நறுக்கும்போது, கோலம் போடும்போது, டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று. "எங்கூடப் பேசப் பிடிக்காம, வைன்னு சொல்லிட்டுப் போயிட்டானே." தொட்டில் பேச்சில் வந்த கோபம்தான் அது, அந்தக் கோபத்தோடேயே போய்விட்டான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வேலை நேரத்தில் போன் வந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. பிள்ளை போன துக்கம் ஒரு பக்கம். அவன் தன்னை வெறுத்துப் போனான் என்கிற நினைப்பு அதைவிட மோசமாக அவளை அரித்தது. ஆள் பாதியானாள்.

சில வாரங்கள் கழித்து, அண்ணன் அன்று சேர்த்த எண்கள் அடங்கிய டேப் பார்சலில் ஜாதவ்பூருக்கு வந்தது. அவன் ஆரம்பித்த வேலையை நான்தான் முடிப்பேன் என்று மதினி கேட்டு வாங்கிக்கொண்டாள். டேப் வந்த உடனே படம் வந்துவிடாது. முதலில் கெட்ட எண்களை ஒதுக்க வேண்டும். மின்னல், மின்கம்பியில் பொறி, மேலே போகிற விமானம் எல்லாமே அதில் வந்து விழுந்திருக்கும். ஜோடி ஜோடியாக, நேரம் நேரமாகப் பார்த்து, கெட்டுப்போன இடத்திலெல்லாம் கொடி போடுவார்கள். கொடி என்றால் ஒரு குறி. இதைக் கணக்கில் சேர்க்காதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. எண் அழியாது, அங்கேயேதான் இருக்கும், படத்தில் மட்டும் வராது. மாதக்கணக்கில் ஆகிற வேலை. மதினி காலையில் போனால் விளக்கு வைத்த பிறகு வருவாள். துக்கத்துக்கு அதுவும் ஒரு மருந்து என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு கட்டத்தில் அவள் சாப்பாடு சரியில்லை, பேச்சு சரியில்லை. எதுவோ நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஒரு சனிக்கிழமை மதியம் என்னை ஜாதவ்பூருக்கு வரச் சொன்னாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு படம். இடமிருந்து வலமாக நேரம். மேலிருந்து கீழாக ஜோடிகள். சில வரிசைகளில் மட்டும், ஏறக்குறைய நடுவில், வெள்ளையாக மெல்லிய ஒரு கோடு. "இந்தக் கோடு விழுந்த ஜோடி எல்லாத்துலயும் ஒரே ஒரு தட்டுதான் பொது. மேட்டு மேல இருக்க தட்டு" என்றாள். நேரத்தைப் பார்த்தால், அம்மா விளக்கு வைத்த நேரம். அந்தக் கோடுதான் அம்மாவின் போன். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் சுத்தமான சாம்பல். வலது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், அதே தட்டின் வரிசைகளில் மறுபடியும் வெள்ளைக் கோடுகள். ஒன்று இல்லை. விட்டு விட்டு, மறுபடி மறுபடி. போனில் நம்பரை அடித்து, கிடைக்காமல், வைத்துவிட்டுத் திரும்ப அடித்தால் விழுகிற மாதிரி. அங்கேயும் அன்று ராத்திரி மழையாம், எஸ்டிடி பூத்தைச் சாத்தியிருப்பார்கள். அந்த மழையில், கட்டடத்திலிருந்து அத்தனை தூரம், சிக்னல் கிடைக்கிற அந்த மேட்டுக்கு அவன் திரும்பவும் போயிருக்கிறான்.

நான் அந்த வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்த நேரம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் யார் தலை வாரிக்கொண்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்காருவாள் என்றும் தெரியும். மதினி திரையைப் பார்த்தபடியே, "நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வா" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கூட்டிட்டு வா" என்று மறுபடி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குள் நுழைவது போல வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். மதினி அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் தரையில் முழங்காலிட்டு, நடுவிலிருந்த கோட்டைக் காட்டினாள்.

"மா, இது நீங்க. நீங்க அடிச்ச போனு."

அம்மா புரியாமல் பார்த்தாள். மதினி அவள் விரலைப் பிடித்து வலது ஓரத்துக்கு நகர்த்தினாள். "இது அவரு. உங்களத் திரும்பக் கூப்புட்டுருக்காரு மா. எத்தன தடவ பாருங்க. நம்ம போனு செத்துக் கெடந்துச்சுல்லா, அதான் கெடைக்கல."

"திரும்பக் கூப்பிட்டானா?"

"ஆமா மா."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

அம்மா திரையில் கை வைத்தாள். கண்ணாடியில் அவள் விரல் தடவித் தடவி அந்தக் கோடுகளின் மேல் போய் வந்தது. "அப்பம் கோவமில்லயா அவனுக்கு?" என்றாள். கோபம் இல்லை மா என்று மதினி சொன்னதும், அண்ணன் போன நாளிலிருந்து சத்தம் போட்டு அழாதவள், மதினியின் தோளில் சாய்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொட்டில் பேச்சுக்கு ஆளான அந்தத் தோளில்தான் அம்மா அழுதாள் என்பதை நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதினி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அன்றிலிருந்து அம்மா மாறிப்போனாள். 'வைன்னுட்டான்' போய், "எம்புள்ள எத்தன தடவ கூப்பிட்டுருக்கான்" என்பது வந்தது. கோயிலில், மார்க்கெட்டில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னாள். திரும்பச் சோறு இறங்கியது, உடம்பு தேறியது. மதினி அடுத்த வாரமே அந்தக் கோடுகளுக்கும் கொடி போட்டாள். அதைச் செய்யாமல் படம் வராது. அண்ணன் தேடிய மெல்லிய புகை உண்மையிலேயே இருந்தது. கட்டுரை வெளிவந்தபோது முதலில் அவன் பெயர், பெயருக்கு மேல், ஆள் இல்லை என்பதைச் சொல்லும் ஒரு சிறு குறி. வேலை முடிந்த பின், அம்மா அந்த டேப்பைக் கேட்டாள். அண்ணன் குரலே அதற்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. பிரதி எடுத்துவிட்டு மதினி கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதற்கு விபூதி பூசினாள்.

மதினியின் பெற்றோர் எவ்வளவோ கூப்பிட்டும் அவள் எங்களை விட்டுப் போகவில்லை. அம்மாவின் கடைசி நாள் வரை லேக் மார்க்கெட் வீட்டில்தான் இருந்தாள். எனக்குக் கல்யாணமாகி நான்தான் வேறு வீட்டுக்குப் போனேன். அம்மா போன பின்புதான் மதினி நியூ டவுனில், பத்தாவது மாடியில், ஒரு சின்ன வீட்டுக்கு மாறினாள். பீரோவில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. விமான நிலையம் பக்கம் என்பதால் ஜன்னலை ஒட்டி விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. டேப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத ஓட்டுற மெஷினு எங்க லேப்ல இப்பம் கெடயாது. தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சிரித்தாள். பிரதி வைத்திருந்த கம்ப்யூட்டரும் எப்போதோ போய்விட்டதாம்.

இத்தனை வருஷம் கேட்காததை அன்று கேட்டேன். "மதினி, அந்தக் கோடெல்லாம் கடைசியிலதான இருந்துச்சு. அது உங்க நேரம்லா?"

அவள் மஞ்சள் துணியை உதறினாள். விபூதி தரையில் கொட்டியது. "ஆமா" என்றாள்.

"அம்மாட்ட ஏன் அப்படிச் சொன்னிய?"

"அம்மாவுக்குக் கடைசியா கெடச்சது ஒரு 'வை'. எனக்கு அதுக்கு முன்னாடி எவ்வளவோ தடவ பேசுனது இருந்துச்சுல்லா." விபூதியை விரலால் ஒன்றாகக் கூட்டினாள். ஒரு விமானம் இறங்கி முடிந்தது. பிறகு, என்னிடம் கேட்கிற மாதிரியும் இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரியும் இல்லாமல், "அம்மாதான் போயாச்சே. இனிமே நா வச்சிக்கிடுதேன்" என்றாள். டேப்பை அதே துணியில் மறுபடி சுற்றி, உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.